துடுப்புக் கணக்கு

வாரத்தில் ஆறு நாள்
நாற்பத்திரண்டு மாடிக்கு மேலும் கீழும் போகிறவன் நான்.
லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்குக்
கிடைமட்டமாய்ப் போவதே ஓர் உல்லாசம்.

தோஹாவிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர்.
முனாஃபின் காரில் ஏசி ஓடவில்லை.
ஓடுகிறதென்று சாதித்தான் முனாஃப்.
கண்ணாடியை இறக்கினால் உப்புக்காற்று,
ஏற்றினால் நேற்றைய பரோட்டா.

அல் கோர் படகுத்துறை.
கரையெங்கும் பஞ்சாரம் பஞ்சாரமாய்க்
கவிழ்ந்து கிடந்தன கம்பிக்கூண்டுகள்.
கோழிக்கு இல்லை, ஹமூர் மீனுக்காம்.
அதிலொன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்
கம்பி முறுக்கிக்கொண்டிருந்தவனின் முதுகில்
வெளுத்துப்போன தமிழில் ஒரு கால்பந்துக் குழு.

அண்ணே, பர்பிள் தீவுக்கு எப்படிப் போகணும்?

தலையை வெளியே எடுக்கவில்லை.
கூண்டுக்குள்ளிருந்தே வந்தது பதில்:
"எட்டு வருசமா இங்கதான் கெடக்கேன்.
அப்படி ஒண்ணு உண்டுன்னு இப்பத்தான் கேக்கேன்."

கைபேசியில் படம் காட்டினேன்.
"ஓ, இந்தத் திட்டா!
இதுக்குக் கிழக்கால ஒண்ணரைப் பாகம் தண்ணி.
பாறை உண்டு. வள்ளம் தட்டும்."
அதன் அடிவயிறு தெரியும் அவனுக்கு,
முகம்தான் பார்த்ததில்லை.

பெயர் வியான்னி.
நாகுதாவிடம் நாலு மணிவரை கேட்டு வாங்கி
பின்சீட்டில் ஏறிக்கொண்டான்,
கையிலிருந்த குறடைக் கீழே வைக்க மறந்து.

மரப்பாலம். இரண்டு பக்கமும் கண்டல்.
தூரத்தில் ஏழெட்டுப் பூநாரைகள்
எதையோ தொலைத்தவைபோலச் சேற்றைக் கிளறின.
தகவல் பலகையை முனாஃப் உரக்கப் படித்தான்:
ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்
நத்தையை நசுக்கி
ஊதாச் சாயம் எடுத்த இடம்.
"ஒரு சட்டைக்கு எத்தன நத்தை வேணும்?"
என்றான் வியான்னி.
பலகையில் அது இல்லை.
மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னான்.
அப்போதும் இல்லை.

பிறகு இன்னும் வடக்கே, ஜசாசியா.
வேலி, ஒரு கதவு, தாழ்ந்த வெள்ளைப் பாறை,
தலையில் கைவைத்து அழுத்துகிற வெயில்.
பாறையில் யாரோ எப்போதோ செதுக்கியவை
எனக்குச் சீப்புகளாய்த் தெரிந்தன,
முனாஃபுக்குப் பூரான்களாய்.
வியான்னி செருப்பைக் கழற்றினான்.
"வள்ளம்லே. மேலேருந்து பாத்த வள்ளம்."

குத்தவைத்து உட்கார்ந்து
குறடின் நுனியால் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணினான்.
"இந்தப் பக்கம் ஏழு துடுப்பு.
அந்தப் பக்கம் ஆறு."

செதுக்கினவனுக்கு எண்ணத் தெரியாது
என்று சிரித்தான் முனாஃப்.

வியான்னி சிரிக்கவில்லை.
"நங்கூரக் கயிறுவரைக்கும் வெட்டுனவன்
துடுப்ப மறப்பானா?
ஒருத்தனுக்கு அன்னைக்குக் காய்ச்சலு."

கொஞ்சம் கழித்துத்
தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்:
"பங்கு குடுத்திருப்பானுகளா அவனுக்கு?"

நாலேகாலுக்குத் துறையில் இறக்கிவிட்டோம்.
படகின் மேலிருந்து நாகுதா
கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காண்பித்தார்.
போட்டோ அனுப்பு என்றான் வியான்னி.
நம்பர் வாங்க மறந்தது
பாதி வழியில்தான் உறைத்தது.
பின்சீட்டில் குறடு.

மறுநாள் முப்பத்தோராம் மாடிக்கருகே நின்றுபோன லிஃப்டை
அந்தக் குறடு கொண்டுதான் திறந்தேன்.
பிடியில் இன்னும் மீன்வாடை.
உள்ளே ஏழு பேர் என்று
போனில் சொல்லியிருந்தார்கள்.
வியர்த்து வெளியே வந்தவர்களை எண்ணினேன்.
ஆறு.

மேற்பார்வையாளர் கணக்குக் கேட்டார்.
ஒருவருக்குக் காய்ச்சல் என்று எழுதிவைத்தேன்.